ஒரே ஒரு பயனாளி

17 அக்டோபர் 2024, வியாழன். இன்றைய தவறு: நாளைய மன்ற விழா வரவேற்புரையில் 'மலைத்தேன் எடுக்கும் குடியில் பிறந்த எங்கள் தோழி வேல்விழி' என்று எழுதியிருந்தேன். விசாரிக்காமல் எழுதியது. அவள் அப்பா எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தபின் உரையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

லிங்கேஷ் இதை எழுதியது புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில், ஒரு காலிச் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு. சங்கரன்கோவிலில் அன்று மாதாந்திர மின்தடை. அவன் வேலை பார்க்கும் விசைத்தறிக் கூடம் காலையிலிருந்தே வாயை மூடிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் மனசு குடையும் என்று பஸ் ஏறி வந்துவிட்டான்.

எதிரே வேல்விழி பழம் பிரித்துக்கொண்டிருந்தாள். கை குவியலுக்குள் போகும், உள்ளங்கையில் ஒரு உருட்டு உருட்டும், பழம் தன் கூடையில் போய் விழும். பெரியது வலது பக்கம், சிறியது இடது பக்கம், தோலில் கறுப்பு விழுந்தது முதுகுக்குப் பின்னால். பின்னால் எறியும்போது அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. லிங்கேஷ் உட்கார்ந்திருந்த இடம் அவளுக்குப் பின்பக்கமாக இருந்தபோது அவன் மேல் இரண்டு விழுந்தன. அதன்பிறகுதான் சாக்கை இழுத்துக்கொண்டு எதிரே வந்திருந்தான்.

"நாளைக்குப் பாட்டு உண்டுல்லா? மேடம் கேக்கச் சொன்னாவ" என்றான்.

"எந்தப் பாட்டு?"

"உங்க பாட்டு. பளியர் பாட்டு."

"அது எங்க அம்மை சாமி கும்பிடும்போது பாடுதது. பாடுனா சாமி வரும். ஸ்டேஜ்ல வந்துட்டுன்னா ஆரு சேர் போடுவா? நீயா?"

நாற்காலிப் பொறுப்பு உண்மையிலேயே அவனிடம்தான் இருந்தது. கொஞ்சம் யோசித்தான்.

"முன்வரிசையில ஒண்ணு போட்டுறலாம்."

பக்கத்துக் குவியலில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேல்விழி சிரிக்கவில்லை.

"பாட்ட விடு. நாளைக்குக் கடைசி மணி காஸ்டிங் கிளாஸ். அதையும் விட்டேன்னா அட்டெண்டன்ஸ் கொறஞ்சு பரீட்சை எழுத முடியாது. ஆபீஸ்ல சொல்லியாச்சு. நான் விழாவுக்கு வரல்ல."

"உனக்குத்தானே விழா!"

"அதான் பயமா இருக்கு" என்றாள் அவள்.

இருவரும் படிக்கும் மாலைக் கல்லூரியில் 'பழங்குடி மாணவர் தோழமை மன்றம்' ஆரம்பித்தது ஆடி மாதம். பகலில் வேலை, மாலையில் படிப்பு என்று வந்து சேர்ந்த கூட்டத்தில் பழங்குடி என்று இருந்தது வேல்விழி ஒருத்திதான். மன்றத்துக்குப் பொறுப்பாளர்கள் பதினோரு பேர். அவளுக்குப் படிப்பில் துணையாக ஒருவர், மனத்துயர் கேட்க ஒருவர், பண்பாட்டுக்கு ஒருவர் என்று மன்றத்தை நடத்தும் பேராசிரியை ஞானபூரணம் மேடம் பிரித்துக் கொடுத்தார். விளையாட்டுச் செயலாளர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பந்தைக் கொடுத்தான். மனத்துயர் கேட்கும் பொறுப்பு கடையநல்லூர் ரூபியாவுக்கு. "ஏட்டி, இந்த வாரமாவது எதையாவது சொல்லித் தொலை. என் நோட்டு வெறுமனே கெடக்கு" என்று அவள் கெஞ்சுவாள்.

கூட்டம் வெள்ளிதோறும் கடைசி மணியில். அது காஸ்டிங் என்கிற அடக்கவிலைக் கணக்கு வகுப்பு நேரம். கூட்டத்துக்கு வந்த பொறுப்பாளர்களுக்கு 'ஆன் டியூட்டி' போட்டு வருகை கொடுத்துவிடுவார்கள். வேல்விழிக்கு மட்டும் ஆப்சென்ட் விழுந்தபடியே இருந்தது. மூன்றாவது மாதம்தான் அது லிங்கேஷின் கண்ணில் பட்டது. மன்றத்தின் செயலாளரே அவன்தான். மறுநாளே அலுவலகத்துக்குப் போய் கிளார்க் பெத்துராஜ் முன்னால் நின்றான்.

"அண்ணாச்சி, அவளும் கூட்டத்துக்குத்தானே வருதா?"

"பொறுப்பாளருக்குத்தாம்லே ஆன் டியூட்டி. அந்தப் பிள்ள பயனாளி."

"பயனாளி வராம கூட்டம் எப்படி அண்ணாச்சி நடத்த?"

"அத உங்க மேடத்துட்ட கேளு. ஆஸ்பத்திரில டாக்டருக்குச் சம்பளம் உண்டு, நோயாளிக்கு உண்டா?"

வெளியே வந்த லிங்கேஷுக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்துதான் நோயே பிடித்தது என்று சொல்லியிருக்கலாம் என்று பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகுதான் தோன்றியது. திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று நின்று யோசித்தான். போகவில்லை.

ஞானபூரணம் மேடம் கெட்டவர் இல்லை. "பாவம், அடுத்த வருஷம் அவளையும் பொறுப்பாளரா ஆக்கிருவோம்" என்றார். இந்த வருஷத்துக்குப் பதினோரு பதவியும் நிரம்பிவிட்டது. லிங்கேஷ் தன் பதவியைத் தருவதாகச் சொன்னான். விலகலைக் கூட்டத்தில் வைத்துத்தான் ஏற்க வேண்டும் என்றார் மேடம். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை, கடைசி மணி.

விழா நாள் மாலை அரங்கத்து மேடையில் மூங்கில் குடிசை ஒன்று முளைத்திருந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மோட்டார் பைக்கில் ஓலை கொண்டுவந்திருந்தார்கள். வேல்விழியின் வீடு அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடு. அதைச் சொல்ல வாயெடுத்த லிங்கேஷ், ஓலை கட்டியவர்களின் கை கீறல்களைப் பார்த்துவிட்டு நாற்காலி போடப் போய்விட்டான்.

சிறப்பு விருந்தினர் வந்தார். அரங்கில் பாதி நாற்காலி காலி. உடனே எல்லா வகுப்பையும் அரங்கத்துக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு போனது. நாற்காலிகள் நிரம்பின. லிங்கேஷ் வரவேற்புரை வாசித்தான். மிஞ்சியிருந்தது நாலு வரி. முடிந்தது தெரியாமல் கூட்டம் கைதட்டாமல் இருந்தது.

"எங்கேப்பா அந்தப் பிள்ளை? போய்க் கூட்டிட்டு வா" என்றார் மேடம், சிரித்த முகம் மாறாமல்.

இறங்கி வரும்போதுதான் மூன்றாவது வரிசையில் காஸ்டிங் சாரைக் கண்டான். மடியில் வருகைப் பதிவேடு. பக்கத்தில் ரூபியா.

"சார், உங்களுக்கு இப்ப கிளாஸுல்லா?"

"மொத்த கிளாஸும் இங்கதானே இருக்கு. இங்கனயே அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சு. உனக்கும் போட்டாச்சு."

"வேல்விழிக்கு?"

சார் ஏட்டைப் புரட்டினார். "ஆளக் காணலியேப்பா. ஆப்சென்ட்."

"அவ உங்க கிளாஸ்லதான் சார் இருக்கா! மாடி ஏறிப் போனா, நான் பாத்தேன்" என்றாள் ரூபியா. முன்வரிசையிலிருந்து யாரோ திரும்பி "ஷ்" என்றார்கள்.

படியேறி வகுப்புக்குப் போனான் லிங்கேஷ். ஒற்றைக் குழல்விளக்கு எரிந்தது. முதல் பெஞ்சில் வேல்விழி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பஸ் தாமதம்; வகுப்பு கிளம்பிப் போன பிறகுதான் வந்து சேர்ந்திருந்தாள். நோட்டைத் திறந்து, தேதி எழுதி, கோடு போட்டு வைத்திருந்தாள். கையில் எலுமிச்சை வாசம் இன்னும் போகவில்லை.

"சார் வருதாரா?"

"சார் விழாவுல இருக்காரு."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

அவள் காலி பெஞ்சுகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "அப்ப அட்டெண்டன்ஸ்?"

அவன் வாய் திறக்குமுன் ஒலிபெருக்கியில் மேடத்தின் குரல் கேட்டது. "நம் அன்பு மகள் வேல்விழி இதோ மேடைக்கு வந்துகொண்டிருக்கிறார்!" கைதட்டல் சுவரில் மோதி வந்தது. வகுப்பு முடியும் மணியும் அடித்தது. அவள் பேனாவை மூடவில்லை. லிங்கேஷ் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

18 அக்டோபர், வெள்ளி. நாளை: காஸ்டிங் சாரைப் பார்க்க வேண்டும். இன்று வகுப்புக்கு வந்தவள் வேல்விழி ஒருத்திதான் என்று சொல்ல வேண்டும். என் பெயருக்கு நேரே போட்டதை அடிக்கச் சொல்ல வேண்டும்.