பாவாயி பார்க்காத பந்தயம்

பாவாயிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. காயப்போட்ட மிளகைத் திரும்பத் திரும்பக் கிளறினாள். கூட்டின வாசலையே மறுபடி கூட்டினாள். வீட்டுக்குள்ளே, குப்பனூர் வழியாக மலையேறி வந்த படக்குழு விளக்கும் கேமராவுமாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மாரமங்கலத்தில் பிறந்து கார் பந்தயத்தில் தேசிய சாம்பியனான கவிப்பிரியாவைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார்கள். கவிப்பிரியா பாவாயி பெற்ற மகள்.

"வந்து உட்காருங்கம்மா. மகள் ஜெயிச்ச பந்தயத்தை டிவியில போடுறோம். நீங்க பார்க்கறதை எடுத்துட்டா வேலை முடிஞ்சது" என்றாள் இயக்குநர் சுதாராணி.

முடிந்ததாம்! மகள் பந்தயம் ஓட்டிப் பாவாயி பார்த்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்குப் போனில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி குட்டிக்கரணம் அடித்தது. மகளுக்குக் கை முறிந்ததோடு போயிற்று. தன் கண்தான் பட்டுவிட்டது என்று பாவாயி அப்போதே முடிவு கட்டிவிட்டாள். அதிலிருந்து பந்தய நாளென்றால் போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விடுவாள். காரணத்தை மகளிடம் சொன்னதில்லை. சொன்னால் அதுவே அபசகுனமாகிவிடுமே.

இப்போது போடப்போவது போன வருஷத்துப் பந்தயம். வாங்கின கோப்பை அலமாரியில் இருக்கிறது. எல்லாம் தெரிந்தும் மனசு கேட்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அடுத்த பந்தயம். இன்றைக்குப் பார்த்த பலன் அதில் போய் விடிந்தால்?

"ஏனுங்க, அடுப்புல பால் வெச்சிருக்கறனுங்க..." என்று நழுவப் பார்த்தாள்.

"உடுங்கக்கா" என்று, டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த கவிப்பிரியா சுதாராணியிடம் சொன்னாள். "அவுங்க என்னைக்குமே பாக்க மாட்டாங்க. நா ஜெயிச்சாலும் தோத்தாலும் எங்கம்மாவுக்கு ஒண்ணுதான்."

பாவாயிக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று வந்து மகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

டிவி உறுமியது. பாவாயி கண்களை இறுக மூடிக்கொண்டாள். சத்தம் ஏறிக்கொண்டே போனது. எழுந்து ஓடிவிடலாமென்று கண்ணைத் திறந்தவள் டிவிப் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்தாள். அங்கே கவிப்பிரியாவின் வலது கால், சத்தம் சடாரென்று இறங்கும்போதெல்லாம் பிரேக் போடுவதுபோலப் பாயை அழுத்தியது. நிமிர்ந்தால், மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கியிருக்கிறாள். ஜெயித்து முடித்த பந்தயத்துக்கு!

"கண்ணு... உனக்குமா பயமா இருக்குது?"

"நொம்பம்மா. கை முறிஞ்சதுலருந்தே. ஒவ்வொரு தடவையும்."

பிள்ளை அங்கே தனியாகப் பயந்துகொண்டிருக்க, பாவாயி இங்கே காப்பிச்செடிகளுக்கு நடுவே தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். என்ன கூத்து!

"நா பாத்தா உனக்கு ஆகாதுன்னு இருந்துட்டன் சாமி. அன்னைக்கு நா பாத்துத்தான வண்டி கவுந்துச்சு."

கவிப்பிரியா திரும்பி அம்மாவையே பார்த்தாள். "அன்னைக்கு டயர் வெடிச்சுதும்மா. அதுக்கா இத்தன நாளும்..."

அதை நம்புவதா வேண்டாமா என்று பாவாயிக்குத் தெரியவில்லை. மகளின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்கம்மணி" என்று சுதாராணியைக் கூப்பிட்டாள். "மறுக்கா மொதல்லருந்து போடுங்க."

போட்டார்கள். வண்டிகள் சீறிக் கிளம்பின. முதல் வளைவிலேயே பாவாயியின் காலும் பாயை மிதித்தது.

"ஞாயித்துக்கெழம எந்நேரத்துக்குக் கண்ணு?" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.