ரக்னில்ட் சொன்ன பதில்

மனித வாயிலிருந்து புறப்பட்டு ஸ்டெல்லனின் காதுக்குத் தப்பிய பதில் இன்னும் பிறக்கவில்லை. ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கே எங்கள் உமேயோவுக்கு வந்த முதல் நாளே அவனே இதை அறிவித்துவிட்டதால், விசாரிக்கும் சிரமம் எங்களுக்கு மிச்சம். ஆவணப்படப் பேட்டிகளைக் கேட்டு எழுதித் தருவது அவன் வேலை. அதைப் படித்து எதை வெட்டுவது என்று இயக்குநர் யோர்டிஸ் முடிவு செய்வாள். வெட்டுவது நான்.

படம் ரக்னில்ட், சிக்னே என்ற அக்கா தங்கையைப் பற்றியது. சதுப்பில் மஞ்சள் பழம் காய்க்கும் ரகசிய இடத்தைத் தங்கை வெளியாளுக்குக் காட்டிக்கொடுத்தாள் என்று அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் இருவருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை திரையிடல். இருவரும் வருகிறார்கள்.

ரக்னில்டிடம் யோர்டிஸ் கேட்ட கடைசிக் கேள்வி: "சிக்னே வந்து கதவைத் தட்டினா திறப்பீங்களா?"

ஸ்டெல்லனின் தாளில்: பதில் இல்லை.

"கேள்வி முடிஞ்சதும் திரையை இருட்டாக்கிடு," என்றாள் யோர்டிஸ்.

"அதைப் பாத்தா சிக்னே ஜென்மத்துக்கும் தட்ட மாட்டா."

"நான் என்ன செய்ய? ரக்னில்ட் பதிலே சொல்லலையே. லேசா மூச்சு வாங்கினா. அழப்போறான்னு நினைச்சேன்."

யோர்டிஸ் தெற்குக்கோடி மால்மோக்காரி; எங்கள் வடக்கத்திப் பேச்சு அவளுக்குப் பழகவில்லை. ரக்னில்டோ பால் வாங்கப் போனாலே பேசிப் பேசியே கடையை மூடவைக்கிறவள். அவளா பதில் சொல்லாமல் இருந்தாள்? குறுகுறுப்பு தாங்காமல் அந்தத் துண்டை ஓடவிட்டேன். ரக்னில்ட் உதட்டைக் குவித்து 'ஷுப்' என்று காற்றை உள்ளே இழுத்தாள்.

"ஸ்டெல்லன், இதை ஏன் எழுதல?"

"மூச்சையெல்லாம் எழுத நான் என்ன நர்ஸா? இந்த ஊர்ல எல்லாருக்கும் ஆஸ்துமா. பஸ் டிரைவர்கூட இப்படித்தான் காத்தை உறிஞ்சறான்."

"நீ அவர்கிட்ட என்ன கேட்ட?"

"இந்த பஸ் ரயில் ஸ்டேஷனுக்குப் போகுமான்னு."

"போச்சா?"

"போச்சு."

யோர்டிஸ் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரன் கென்னெத்திடம், "காப்பி மிச்சம் இருக்கா?" என்றாள்.

கென்னெத் 'ஷுப்' என்று மூச்சை இழுத்துவிட்டு, குடுவையைக் கொண்டுவந்து வைத்தான்.

"இருட்டு வேண்டாம்," என்றாள் யோர்டிஸ் என்னிடம். "அந்த 'ஆமாம்' மூச்சோட முடி. சத்தத்தை நல்லா ஏத்தி வை, சிக்னே காதுல விழணும்." பிறகு ஸ்டெல்லன் பக்கம் திரும்பினாள். "மத்தப் பேட்டியிலயும் இப்படி விட்டிருக்கியா?"

ஸ்டெல்லன் தாள்களைப் புரட்டினான். பதில் இல்லை, பதில் இல்லை, பதில் இல்லை. எங்கள் முகத்தைப் பார்க்காமல் உதட்டைக் குவித்து, சின்னதாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தான்.