தலையிலா, முதுகிலா?

கலியபெருமாளுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அம்பாசடர் காரில் சைக்கிளை எங்கே மாட்டுவது? தலையிலா, முதுகிலா?

சிரிக்கிற விஷயமா அது? மகள் சுலோசனாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் சைக்கிள் பந்தயம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ரயில்வே வேலைக்குச் சிபாரிசு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனிதருக்கு அந்த ஒரு ஆசைதான் பாக்கி. ரெட்டியார்பாளையத்திலிருந்து மிதித்தே போனால் பந்தயத்துக்குக் காலில் தெம்பு ஏது? பக்கத்து வீட்டு டாக்சிக்காரர் பலராமன் இரக்கப்பட்டுக் காரை ஓட்டிவரச் சம்மதித்தார்.

சாரம் பகுதியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சிராஜுதீன் இரும்புக் குழாயில் இரண்டு மாதிரி செய்து காட்டினார். ஒன்று கூரையில் உட்காரும் கேரியர், மற்றது டிக்கியில் மாட்டும் சட்டம்.

"மேல வச்சா காத்துல ஆடுமே பாய்."

"அப்ப பின்னாடி மாட்டிக்கங்கண்ணே."

"பின்னாடி எவனாவது லாரிய வுட்டு இடிச்சுட்டா?"

"அப்ப மேலயே வைங்க."

போதாக்குறைக்குப் பலராமன் வேறு குட்டையைக் குழப்பினார். எல்லைக்கு அந்தப்பக்கம், விழுப்புரம் பக்கமெல்லாம் மதுவிலக்கு. சைக்கிள் டியூபில் சாராயத்தை அடைத்துக் கடத்துகிற மகராசன்கள் புண்ணியத்தில், சோதனைச்சாவடியில் எந்தச் சைக்கிளுக்கும் மரியாதை கிடையாது. "மேல வச்சா தூரத்துலயே கண்ணுல படும். பின்னாடி வச்சா திருட்டுத்தனமாத் தெரியும்" என்றார். இதற்கு என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் கூரை என்று முடிவானது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். கலியபெருமாள் இருந்தாரா? குழாயின் வாயெல்லாம் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

"மழத்தண்ணி எறங்கித் துருப்புடிச்சா? எல்லாத்தயும் அடைச்சுடுங்க பாய்."

சிராஜுதீன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பேசினால் இன்னொரு சந்தேகம் வரும் என்று பயந்து அடைத்துக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை சோதனைச்சாவடியில் கார் நின்றது. போலீஸ்காரர் டயரைக் கிள்ளினார், வால்வைத் திறந்து முகர்ந்தார். வெறும் காற்று. கலியபெருமாளுக்கு உயிர் வந்தது. போகிற போக்கில் போலீஸ்காரர் லத்தியால் கேரியர் குழாயைத் தட்டினார்.

"எதுக்குய்யா ரெண்டு பக்கமும் அடைச்சு வச்சிருக்க?"

"மழைக்குங்க."

"பங்குனி மாசத்துலயா?"

அறுத்துப் பார்த்துத்தான் விடுவார்களாம். அறுக்கிற ஆள் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டுமாம். கெஞ்சினால் காரியம் நடக்குமா, சண்டை போட்டால் நடக்குமா? பின்னால் வருகிற வண்டியில் மகளை ஏற்றிவிடலாமா? கலியபெருமாள் போலீஸ்காரருக்கும் காருக்கும் நடுவில் அலைந்துகொண்டிருக்கையிலேயே சுலோசனா சைக்கிளை இறக்கிப் பம்பால் காற்றடித்துவிட்டாள்.

"நேரமாச்சுப்பா. நான் மிதிச்சே போறேன்."

வெயிலில் அவள் முதுகு சிறுத்துக்கொண்டே போவதை அவர் சாலை நடுவில் நின்று பார்த்தார்.

குழாயை அறுத்தார்கள். ஒன்றுமில்லை. கார் விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது மைதானம் காலியாகிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் சுலோசனா உட்கார்ந்திருந்தாள். கெண்டைக்கால் இரண்டும் தானாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"நாலாவதுப்பா."

கலியபெருமாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மொதல்ல வந்தது யாரு?"

"நம்ம ஊரு முத்தியால்பேட்டப் பொண்ணு ஒருத்தி."

"அவ எப்பிடி வந்தா?"

"பஸ்ஸுல. சைக்கிள மேல கயித்தால கட்டிக்கிட்டு."

"செக்கிங்குல நிறுத்தலியா?"

சுலோசனா அவர் முகத்தைப் பார்க்காமல் கெண்டைக்காலை நீவிக்கொண்டே சொன்னாள்.

"நிறுத்துனாங்களாம். டயரப் பாத்துட்டு வுட்டுட்டாங்களாம். கயித்துல என்னத்தப்பா ஊத்தி அடைக்க முடியும்?"