ஒரு வீட்டுக்கு ஒரு வேலை

"உங்களுக்கு நல்ல காலம் பொறந்தாச்சு, லீஸ்பெத் அம்மா," என்றபடி டிராம் டிப்போ மேற்பார்வையாளர் ப்ரூகமன் அடுப்பில் கரித்துண்டு ஒன்றைப் போட்டார். "புருஷன் ரஷ்யாவுலேர்ந்து முழுசா வந்துட்டாரு. சண்டைக்கு முன்னால ஓட்டுன வண்டி அடுத்த மாசத்துலேர்ந்து திரும்ப அவருக்கு. நீங்க நிம்மதியா வீட்டுல இருக்கலாம்."

லீஸ்பெத் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஆண்களெல்லாம் போர்முனைக்குப் போய்விட்ட நாற்பத்து மூன்றாம் வருடத்தில், வேறு வழியில்லாமல் அவளை டிராம் ஓட்ட வைத்தவர்கள் இவர்கள்தான். குண்டு விழுந்த மறுநாள் காலைகளில் தண்டவாளத்தில் கிடந்த செங்கற்களைக் கையால் அள்ளி எறிந்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறாள். போர் முடிந்து நாலு வருடமாகச் சுரங்கத்துக்காரர்களை ஏற்றி இறக்கியிருக்கிறாள். ஏழாம் எண் வண்டி எந்த வளைவில் முனகும், எந்த இறக்கத்தில் அடம்பிடிக்கும் என்பது அவள் உள்ளங்கைக்குத் தெரியும்.

"ரெண்டு பேருமே ஓட்டக் கூடாதா, ஐயா?"

"ஒரு வீட்டுக்கு ஒரு வேலை. ஊரு பூரா ஆம்பளைங்க வேலை இல்லாம நிக்கிறாங்க. நான் என்ன பண்ண?" அவர் கெட்டவர் இல்லை. நல்ல செய்தி சொல்வதாகவே நம்பிக்கொண்டிருந்தார். "பாதையெல்லாம் மாறிக் கெடக்கு. ஒரு வாரம் கூட நின்னு நீங்களே அவருக்குச் சொல்லிக் குடுத்துடுங்க."

வீட்டில் அவள் கணவன் எவால்ட் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். கைதி முகாமிலிருந்து வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அவன் சீவும் தோல் கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக விழுந்தது. எதிரே ஏழு வயது உல்லா அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்த குழந்தை; முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுவதைப் போல அவனை "நீங்க" என்றுதான் சொன்னாள்.

"ப்ரூகமனைப் போய்ப் பாத்தியா?" என்று கேட்டாள் லீஸ்பெத்.

"அவரே வந்தாரு. என் எடம் காலியாத்தான் இருக்குன்னாரு."

"காலியாவா?"

எவால்ட் கத்தியைக் கீழே வைத்தான். "நான் என்ன சொல்லட்டும், லீஸ்பெத்? எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது."

இத்தனை வருடம் எந்த மனிதன் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளோ அவன்மீதே கோபம் வருவது என்ன நியாயம்? அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர்ப் பானையை ஓசையோடு அடுப்பில் வைத்தாள்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. அவன் கைப்பிடியைப் பிடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, கைகள் எதையும் மறக்கவில்லை. அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தாள். தேவாலயம் இடிந்ததால் நிறுத்தம் மூலைக்குப் போய்விட்டது. இங்கே தண்டவாளம் தற்காலிகமாகப் போட்டது, மெதுவாகப் போக வேண்டும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் யாராவது ஏறி அவன் தோளைத் தட்டினார்கள். "வாடா எவால்ட், நீ செத்துட்டேன்னுல்ல சொன்னாங்க," என்றார் கிழட்டுச் சுரங்கத் தொழிலாளி பொட்ஹாஃப். அவளை யாரும் கவனிக்கவில்லை. நாள் போகப் போக எவால்டின் முதுகு நிமிர்ந்தது. பாலத்தைத் தாண்டும்போது சீட்டியடித்தான். அதைக் கேட்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் அவன் கையிலிருந்த கைப்பிடியை அவள் கண் விடவில்லை.

வாரக் கடைசியில் மூடுபனி இறங்கியது. பாலத்தடி நிறுத்தத்தில் காலை வேலைக்குப் போகிறவர்கள் கழுத்துப்பட்டையை உயர்த்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முகம் தெரியவில்லை, சாம்பல் நிறக் கோட்டுகள்தான் தெரிந்தன. எவால்ட் நிறுத்தத்துக்கு வெகு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் முன்னால போகணும், எவால்ட்."

"இரு. இன்னும் எண்ணி முடிக்கல."

"யாரு?"

அவன் கண் அந்த வரிசையை விட்டு அகலவில்லை. உதடுகள் அசைந்தன. அந்தக் குளிரில் அவன் நெற்றி வேர்த்திருப்பதைப் பார்த்ததும்தான் அவன் இன்னும் கைதி முகாமில் தலை எண்ணும் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

அப்போது, கண் இமைக்கும் நேரத்துக்கு, அவள் மனசுக்குள் ஒரு குதூகலம் எழுந்தது: வண்டி எனக்குத்தான். அடுத்த கணமே சூடுபட்டது போல வெட்கம் சுரீரென்றது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டு, அவள் வண்டியை நகர்த்தினாள்.

"என்னய்யா இது, பொம்பள ஓட்டுறா?" என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தான்.

"ஆறு வருஷமா அவதான்டா ஓட்டுறா," என்றார் பொட்ஹாஃப். "நீ தூங்கிக்கிட்டே வந்தா எப்படித் தெரியும்?"

கடைசி நிறுத்தத்தில் பயணிகள் இறங்கிய பிறகு இருவரும் வண்டிப் படியில் உட்கார்ந்தார்கள்.

"யாருக்கும் சொல்ல வேணாம்," என்றாள் லீஸ்பெத். "பனியில கண்ணு தெரியலன்னு சொல்லிக்கலாம். நாளைக்குச் சரியாயிடும்."

எவால்ட் அவளைத் திரும்பிப் பார்த்தான். "உனக்கு சந்தோஷமா இருந்துச்சா?"

அவள் பொய் சொல்லத்தான் நினைத்தாள். வாய் வரவில்லை. "ஒரு நிமிஷம் இருந்துச்சு," என்றாள்.

அவன் சிரித்தான். ஊர் திரும்பிய பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "வந்த நாளா எல்லாரும் பொய்தான் சொல்றாங்க. நல்லா இருக்க, எளைக்கவே இல்ல, எல்லாம் மறந்துடும்னு. நீ ஒருத்தியாவது நெசத்த சொன்னியே." பிறகு எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான். "வா, ப்ரூகமன்கிட்ட போகலாம்."

ப்ரூகமன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஒரு வீட்டுக்கு ஒரு வேலைங்க," என்றார் திரும்பவும்.

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றான் எவால்ட். "அந்த ஒண்ணு அவளுக்கு இருக்கட்டும்."

"ஊரு சிரிக்கும், எவால்ட்."

"முகாம்ல இருந்தப்போ என்னைப் பாத்து யாரும் சிரிச்சதே இல்ல. சிரிச்சிட்டுப் போகட்டும்."

ப்ரூகமன் அடுப்பைத் திறந்து இன்னொரு கரித்துண்டைப் போட்டார். அவருடைய மகன்கள் இருவரில் ஒருவனும் போரிலிருந்து திரும்பி வரவில்லை. "வசந்தம் வரைக்கும் பாப்போம்," என்றார் கடைசியில். "மேல கேட்டா உனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்றேன்."

"சொல்லுங்க. பொய் இல்லையே."

டிசம்பரில் ஒரு நண்பகல். லீஸ்பெத் வண்டியைச் சுரங்க வாசலில், கடைசி நிறுத்தத்தில் நிறுத்தினாள். புருஷன்மாருக்குச் சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் மூடிபோட்ட தகரத் தூக்குகளோடு கதவருகே வரிசையாக நின்றிருந்தார்கள். அந்த வரிசையின் கோடியில், கையில் ஒரு தூக்கோடு, எவால்ட். பள்ளி விட்டு வந்திருந்த உல்லா அவன் கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டு நின்றாள்.

லீஸ்பெத்துக்கு முகம் சிவந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எதையும் செய்யத் தோன்றாமல் பார்த்தாள்.

"என்ன எவால்ட்," என்று பருத்த பெண்ணொருத்தி எல்லோருக்கும் கேட்கும்படி இழுத்தாள், "பொண்டாட்டிக்கு சூப் எடுத்துட்டு வந்தியாக்கும்?"

"அவரைப் பருப்பு சூப். கொஞ்சம் அடிப்பிடிச்சிடுச்சு," என்றான் அவன் நிதானமாக. "நீங்க எப்படிப் பண்ணுவீங்க?"

"அப்பா கிண்டவே இல்ல," என்றாள் உல்லா. "நான் சொன்னேன், நீ கேக்கல."

அந்தப் பெண் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கை தானாக நீண்டு அவன் தூக்கின் மூடியைத் திறந்தது. குனிந்து முகர்ந்தாள். முகம் சுளித்து, பக்கத்திலிருந்தவளைக் கூப்பிட்டாள். அவளும் குனிந்தாள். வினிகர் விட வேண்டும் என்றாள் ஒருத்தி, முதலிலேயே விட்டால் பருப்பு வேகாது என்றாள் இன்னொருத்தி. எவால்ட் நடுவில் நின்று ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். குனிந்த தலைக்குட்டைகளுக்கு மேலே சூப்பின் ஆவி எழுந்து பனிக்காற்றில் கலைந்தது. புறப்படும் நேரமாகிவிட்டது. லீஸ்பெத் மணியடிக்கும் மிதிமேல் காலை வைத்தபடி, அழுத்தாமல், இன்னும் கொஞ்சம் நின்றாள்.