சும்மா பார்க்கும் நேரம்

பழைய செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போனதும் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான். நிழலில் வெயில் கிடையாது. பேட்டரியை நம்பித்தான் ஓட வேண்டும். அந்த பேட்டரிக்கு வயதாகிவிட்டது. உள்ளே போனது வெளியே வராமலும் போகலாம்.

“டிரைவர், என்னென்ன அணைச்சீங்க?”

செயற்கைக்கோளை ஓட்டுவது நான். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“உங்க கருவியைத் தவிர எல்லாத்தையும்க்கா. அதோட ஹீட்டரைக் கொஞ்சம் குறைச்சா பேட்டரி தாங்கும்.”

“வேணாம். குளிர்ந்தா உளறுவா.”

பூமிக்கு வெயிலாக எவ்வளவு வருகிறது, எவ்வளவு திரும்பிப் போகிறது என்று பார்ப்பதுதான் அந்தக் கருவியின் வேலை; அக்காவுக்கு அது ‘அவள்’. வருவதில் கொஞ்சம் இங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வாட். ஒரு சின்ன இரவு விளக்கின் மினுக்கு. கடல் சூடாவதும் பனி உருகுவதும் அந்த மினுக்கில்தான். அதில் கால் பங்கு பிசகினாலும் கூட்டங்களில் மேசையைத் தட்டுபவர் அக்கா. அலுவலகத்தில் அவருக்குக் ‘கால் வாட்’ என்றே பெயர். அது அவர் காதுக்கும் போனது. “கால் வாட்டா? அவ்வளவு பெரிய தப்பெல்லாம் நான் விடுவேனா?” என்றார்.

கருவி பூமியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்க்கும். பிறகு தலையைத் திருப்பி ஒன்றுமில்லாத கறுப்பு வெளியைப் பார்க்கும். அதுதான் அதற்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் தெரிந்தால்தான் மற்றதை அளக்க முடியும். எங்கள் அறையில் அதற்குச் ‘சும்மா’ என்று பெயர். புதிதாக வந்தபோது டைரக்டர் திரையைக் காட்டி, “இப்ப என்ன பண்ணுது?” என்று கேட்டார். “சும்மா பாக்குது சார்” என்றேன். “சும்மா பாக்கவா மேல அனுப்பினோம்?” என்று கத்தினார். அக்கா அவரை உட்காரவைத்து விளக்கினார். இப்போது அவரும், “சும்மா சரியா வருதா?” என்றுதான் கேட்கிறார்.

அன்று அவர் வேறு கேள்வியோடு வந்திருந்தார்.

எந்தக் கருவியும் முழுக்கச் சரியாக அளப்பதில்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அல்லது குறைத்துச் சொல்லும். அதை மாறாமல் சொன்னால் போதும். ஆனால் பழையது சாவதற்குள் புதியதும் அதுவும் ஒரே இடத்தைச் சேர்ந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியாவிட்டால் இத்தனை வருடத்து அளவு அந்த இடத்தில் அறுந்துவிடும். “மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டுல கொஞ்ச நாள் இருந்தே ஆகணும்” என்பார் அக்கா. மருமகள், அதாவது புதிய கருவி, வேறொரு செயற்கைக்கோளில் ஏறி வந்துவிட்டாள். கண்தான் இன்னும் திறக்கவில்லை. புதிய பசையும் பூச்சும் வெற்றிடத்தில் ஆவி விடும். அது போகும்வரை மூடியைத் திறக்கக் கூடாது.

“ஒரு வாரம் முன்னாடி திறந்தா என்னம்மா ஆயிடும்?” என்றார் டைரக்டர். “பழசு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு.”

“ஆவி கண்ணாடியில படிஞ்சிடும் சார்.”

“லேசாத்தானே?”

“நானும் லேசானதைத்தானே அளக்கிறேன்?”

“அதுக்குள்ள பழசு போயிட்டா? உங்க இருபது வருஷ உழைப்பும்மா.”

அந்தக் கருவி மேசைமேல் திருகுகளாகக் கிடந்த நாளிலிருந்து அக்கா அதோடு இருக்கிறார்.

“அறுந்துபோனா அறுந்துபோச்சுன்னு எழுதலாம் சார். அழுக்குக் கண்ணு சொன்னா, பொய்யின்னு தெரியாமலே எழுதிடுவோம்.”

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். நிழலில் தகவல் அனுப்புவதையும் அணைத்துவிடுவதால் நின்றிருந்த பச்சைக் கோடு மெல்ல எழுந்தது. பழையது வெளியே வந்துவிட்டது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. ஒவ்வொரு நிழலுக்கும் மற்றதையெல்லாம் அணைத்தேன். ஹீட்டரைத் தொடவில்லை. மூடியை முன்கூட்டியே திறக்கலாமா என்று ஒருவரும் அவரிடம் மறுபடி கேட்கவில்லை.

மூடி திறக்கும் நாளன்று டைரக்டர் பின்னால் நின்றார். நான் கட்டளையை அனுப்பினேன். புதியவள் கண் திறந்து முதலில் பூமியைப் பார்க்கவில்லை. கறுப்பு வெளியைப் பார்த்தாள். நீலக் கோடு அடியில் நேராக ஓடியது.

“சும்மா சரியா வருதா?” என்றார் டைரக்டர், மெதுவாக.

“ரொம்ப அழகா வருது சார்” என்றார் அக்கா.

பிறகு அவள் பூமிப் பக்கம் திரும்பினாள். நீலக் கோடு ஏறியது. அதன் பக்கத்தில் பச்சைக் கோடு. ஒரே கடல், ஒரே மேகம். இரண்டுக்கும் நடுவே முடியிழை அளவுக்கு இடைவெளி. அக்கா திரைக்கு வெகு அருகில் குனிந்தார். நெற்றி இடிக்கும் என்று நினைத்தேன்.

“வித்தியாசம் கிடைச்சிடுச்சாக்கா?”

“ஒரு தடவை பாத்தா எப்படி? நூறு தடவையாவது பாக்கணும்.”

பழையது மறுபடி நிழலுக்குள் போனது. பச்சைக் கோடு நின்றது. புதியவளின் பேட்டரி புதிது; நீலம் மட்டும் ஓடியது.

மேசையில் போன் அதிர்ந்தது. அவர் கணவர். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காதில் வைத்தார்.

“ஒண்ணுமில்லங்க. சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்.”

இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. பச்சைக் கோடு நின்ற இடத்துக்கு அப்பால் திரை கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு அவருடைய மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லைகளிலும் தெரிந்தது.