பெத்தரிக் வீட்டுக் கரை

டோரீன் பெத்தரிக் தன் அக்கா மகளின் திருமணத்துக்காகச் செய்த வாழ்த்து அட்டையில் ஓர் இதயத்தைப் புடைக்க வைத்தபோது, மணப்பெண் வீட்டு முன்புல்வெளியில் அதே வடிவத்தில் மண் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. புல்வெட்டும் இயந்திரத்தோடு அங்கே நின்றிருந்த மாப்பிள்ளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, இதயத்தைச் சுற்றி வெட்டி முடித்தார். எங்கள் ஊரான கூலபினில் அன்று வேறு விசேஷம் எதுவும் இல்லை.

டோரீனையும் சேர்த்து நாங்கள் பன்னிரண்டு பேர், வாரம் ஒரு முறை மேட்டிலிருக்கும் ஊர் மண்டபத்தில் கூடி வாழ்த்து அட்டை செய்கிறவர்கள். வேலை சின்ன வேலைதான், ஆனால் ஆளைப் படுத்திவிடும். வடிவம் வெட்டிய பித்தளைத் தகட்டை விளக்குப் பெட்டியின் கண்ணாடிமேல் ஒட்ட வேண்டும். அதன்மேல் அட்டையைக் குப்புறக் கவிழ்த்து, குண்டுமுனைக் கோலால் வடிவத்தின் ஓரமாகவே அழுத்திக்கொண்டு போக வேண்டும். முதுகுப்பக்கம் அழுத்தினால் முகம் புடைக்கும். முகத்தை மேலே வைத்து அழுத்தினால் குழிதான் விழும். புதிதாகச் சேர்கிற எல்லோரும் ஒரு முறையாவது அப்படிச் செய்து, ஒரு வருஷத்துக்குக் கேலி வாங்குவார்கள். மெழுகுத்தாளால் முதுகைத் தேய்த்துக்கொண்டால் கோல் சிக்காமல் ஓடும். பெரிய குண்டில் ஆரம்பித்துச் சின்ன குண்டில் முடிக்க வேண்டும். மூலைகளில் கையை இறுக்கக் கூடாது, தாள் முதலில் கிழிவது அங்கேதான். இதையெல்லாம் எங்கள் தலைவி மார்கோ லிண்ட்க்விஸ்ட் வாரா வாரம் சொல்வார், கேட்காதவர் காதிலும் விழும்படி சொல்வார்.

அட்டைக்குள் யார் பெயரை டோரீன் எழுதுகிறாரோ அவர் வீட்டு மண் அசைகிறது என்பது அந்தக் கிறிஸ்துமஸுக்குள் ஊருக்கே புரிந்துவிட்டது. அவர் கிறிஸ்துமஸ் அட்டையில் வைத்த மணி, நாற்பது வீட்டு வாசலில் மண்ணாக முளைத்திருந்தது. தோட்டத்தில் தண்ணீர் தேங்குகிற ஆசாமிகள் தங்களுக்குத் தாங்களே பிறந்தநாள் அட்டை கேட்டு வந்தார்கள், ஒரு வருஷத்தில் மூன்று பிறந்தநாள் கொண்டாடிய மனிதரும் உண்டு. பிறகு டோரீன் கால்பந்துக் குழுவுக்கு என்று பெயரெழுதி ஒரு நட்சத்திரம் செய்தார். அது மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே எழும்பி, ஒரே சனிக்கிழமையில் இரண்டு பேரின் கணுக்காலை உடைத்தது. மார்கோ கூட்டம் கூட்டினார். டோரீன் இனி கோலைத் தொடக் கூடாது, ரிப்பன் மட்டும் கட்டலாம் என்று முடிவானது. கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. டோரீன் மூன்று வருஷம் ரிப்பன் கட்டினார்.

நாலாவது வருஷம் அக்டோபரில் ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. டோரீன் வீடு ஆற்றோரச் சந்தில், பள்ளத்தில் இருக்கிறது. அவர் கணவர் கீத்துக்குப் பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டது, சக்கர நாற்காலிதான். அன்று காலை அவருடைய மாத்திரைகளை வாங்க டோரீன் மேட்டுக்கு வந்தார். கடையைவிட்டு வெளியே வருவதற்குள் பாலத்துச் சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. மீட்புப் படகுக்குப் பொறுப்பான ஷேன் டூமி, நீரோட்டம் அடங்காமல் அந்தச் சந்துக்குள் படகை விட்டால் படகும் போகும் ஆளும் போவார், நாலு மணிக்கு முன்னால் முடியாது என்று கையை விரித்தார். மணிக்கு ஒரு சாண் என்ற கணக்கில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கீத் வீட்டு வாசலுக்கு இன்னும் இரண்டு படிகள் மிச்சம். டோரீன் மண்டபத்துக்கு வந்து, மாத்திரைப் பையைப் பிடித்தபடி எங்கள் மேசைக்கு முன்னால் நின்றார். என்ன கேட்கப் போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மார்கோ எழுந்து அலமாரியைத் திறந்தார்.

“உக்காரு. தடை போட்டது நான், எடுக்குறதும் நானே. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா தண்ணி வடிஞ்ச பெறகு சொல்லுங்க.”

தகடுகளில் மிகச் சாதாரணமானதை எடுத்தோம், நாலு பக்கமும் கோடாக ஓடுகிற சட்டம். வீட்டைச் சுற்றி அது எழும்பினால் கரை. ஆனால் விடியற்காலையிலேயே மின்சாரம் போயிருந்தது, விளக்குப் பெட்டி எரியாது. தகட்டை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினோம், வெளியே இருந்த சாம்பல் வெளிச்சம் போதும். அட்டைகள்தான் சதி செய்தன. ஒரு வாரத்து மழையில் எல்லாம் ஈரம் குடித்து, தேநீரில் நனைத்த பிஸ்கட்டாகக் கிடந்தன. மார்கோவின் தகர டப்பாவில் மட்டும் ஒரே ஒரு காய்ந்த அட்டை இருந்தது. டோரீன் உள்ளே “கீத்” என்று எழுதி, மெழுகு தேய்த்து, அதை ஜன்னலில் பதித்து அழுத்த ஆரம்பித்தார். கைபேசியில் கீத்தை அழைத்து, நான் அதை அவர் காதருகே பிடித்துக்கொண்டேன்.

ரிப்பன் கட்டுகிறவள் அட்டையின் அழகான பக்கத்தைத் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வாள். மூன்று வருஷம் அதே வேலை செய்த கை அன்றும் அப்படியே வைத்துக்கொண்டது. பன்னிரண்டு பேரில் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. சட்டத்தை ஒரு சுற்று முடித்த பிறகுதான் கீத்தின் குரல் குழறிக்கொண்டு வந்தது.

“டோர், என்னடி பண்ற? வீட்டச் சுத்தி வாய்க்கா வெட்டுன மாதிரி மண்ணு எறங்குது. ஆத்துக்கு வழி தெரியாம இருந்துச்சு, இப்ப தெரிஞ்சிருச்சு.”

டோரீன் கோலைக் கீழே வைத்தார். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைத் தானே மூழ்கடித்துவிட்டதாகச் சொன்னார். அழவில்லை, முகம் வெளுத்துப்போயிருந்தது. ஒரு முறை அழுத்திய தாளின் நார் இழுபட்டுப் போயிருக்கும். திருப்பிப் போட்டு அதே கோட்டில் அழுத்தினால் புடைக்கும், ஆனால் எந்த இடத்தில் கிழியும் என்று சொல்ல முடியாது. வேறு அட்டையும் இல்லை.

“நீ பண்ணு மார்கோ, எனக்குக் கை ஆடுது” என்றார் டோரீன்.

“என் கைக்கு அது வெறும் பேப்பர். உன் கைக்குத்தான் மண்ணு கேக்கும். திருப்பிப் போடு. கை ஆடினா ஆடட்டும், ஓரத்த விட்டு மட்டும் வெலகாத.”

திருப்பிப் போட்டார். பெரிய குண்டு முனை, எடையே இல்லாத அழுத்தம், ஒரு பக்கத்துக்கு ஐந்து நடை. பின்னால் நின்றுகொண்டு மார்கோ மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அந்தக் குரலில் அதிகாரம் போய்ப் பயம்தான் இருந்தது. அதே ஜன்னல் வழியாக, தகட்டைத் தாண்டி, ஆறு யாரோ ஒருவருடைய தண்ணீர்த் தொட்டியை உருட்டிக்கொண்டு போவது தெரிந்தது. கீத் அங்கிருந்து நிலவரம் சொன்னார். வடக்கே எழும்புகிறது, தபால் பெட்டி சாய்ந்துவிட்டது. கிழக்கே கோழிக்கூடு மேலே போகிறது, கோழிகள் உள்ளேதான் இருக்கின்றன. தெற்கேயும் மேற்கேயும் வந்துவிட்டது. மூன்று மூலைகளை டோரீன் சின்ன குண்டால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, உருட்டித் திருப்பினார். நாலாவது மூலையில் மயிரிழை அளவுக்குத் தாள் கிழிந்தது. அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“கொட்டகைப் பக்கம் ஓட்ட விழுந்துருச்சு டோர். தண்ணி பீச்சுது. நாற்காலிச் சக்கரம் வரைக்கும் வந்து...” என்றார் கீத். அத்தோடு கைபேசி அடங்கிவிட்டது.

மார்கோ டோரீனைத் தோளால் தள்ளிவிட்டு, கிழிசலின்மேல் தன் கட்டைவிரலை வைத்துக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அப்போது மணி பத்து நாற்பது. அங்கே ஓட்டை அடைபட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வழியும் இல்லை. மார்கோ அப்படியே நின்றார். மாற்றிக்கொள்ளலாம் என்றால் கேட்கவில்லை, தண்ணீர் புக விரலை எடுக்கும் அந்தக் கண நேரம் போதாதா என்றார். சாண்ட்விச்சைப் பிட்டு வாயில் கொடுத்தோம். மதியம் ஒரு மணி தாண்டியதும் டோரீன் நாற்காலியில் ஏறி நின்று அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். மூன்று வருஷமாக, அன்று காலைவரை, நேராகப் பேசாத இரண்டு பேரும் அப்படி மூன்றே கால் மணி நேரம் நின்றார்கள். நாலு இருபதுக்கு மண்டபத்து ரேடியோவில் ஷேனின் குரல் கரகரத்தது. கீத் கணுக்கால் வரை நனைந்திருக்கிறார், மற்றபடி நலம், மடியில் நாய், டப்பாவிலிருந்து பீன்ஸைச் சூடுபண்ணாமலே தின்றுகொண்டு, மாத்திரை எங்கே என்று திட்டுகிறார். டோரீன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் அழுதார். கீத் படகில் ஏறிவிட்டாரா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே மார்கோ விரலை எடுத்தார்.

தண்ணீர் வடிய நாலு நாள் ஆனது. கரை தோள் உயரத்துக்கு இன்னும் நிற்கிறது. ஊராட்சிப் பொறியாளர் வந்து அளந்து, கரை எண் ஏழு என்று பதிந்துகொண்டு போனார். மூன்று மூலைகள் சுத்தமாக இருக்கின்றன. நாலாவதில் கொட்டகை அளவுக்கு ஒரு திட்டு, அதன்மேல் சுழிசுழியாக உழுத சால்கள். டிசம்பரில் மார்கோ முதல் முறையாக அந்த வீட்டுக்கு வந்தார். திட்டின்மேல் ஏறி, ஒவ்வொரு சாலாக நடந்து பார்த்தார். நடுவில் ஒரு வெட்டு குறுக்கே ஓடிச் சால்களை அறுத்திருந்தது.

“இந்த எடம் சரியா வரல” என்றார்.

கீத் கீழே நாற்காலியிலிருந்து, “ஒன் வெரலப் பாரு” என்றார்.

மார்கோ கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கட்டைவிரலைப் பார்த்தார். சின்ன வயதில் கத்தி பட்ட தழும்பு அதே இடத்தில் குறுக்கே ஓடியது. ஆமாம் என்று சொல்லிவிட்டு, டோரீன் நீட்டிய தேநீரை வாங்கி, தன் ரேகையின் மேலேயே உட்கார்ந்து குடித்தார்.