மருந்து ஏறிய விறகு

மனைவியைத் தோளில் சாய்த்து, கரண்டியால் அவள் உதட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, அடுப்பில் கட்டையைத் திணிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. அடுத்து தீக்குச்சி உரசும் சத்தம்.

"அதை எரிக்காதே!"

கரண்டி மெத்தையில் விழுந்தது. அவர் குரல் அப்படி உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்திருந்த மகள், கையில் தீப்பெட்டியோடு ஓடிவந்து நின்றாள்.

"என்னப்பா? அம்மாவுக்கு உடம்பு துடைக்க வெந்நீர் வைக்கலாம்னுதான்..."

"அந்த விறகு வேணாம்."

"வேற விறகு எங்க இருக்கு? நான் பொறந்ததுலேருந்து இந்த வீட்ல இதுதானே எரியுது."

அவர் கரண்டியைத் தேடினார்.

மரக்கடையில் அவரை எல்லோரும் 'டாக்டர்' என்பார்கள். மரத்துக்கு மருந்து ஏற்றுவது அவர் வேலை. அறுத்த மரத்தை வண்டியில் அடுக்கி, ஒரு லாரி நீளத்துக்கு இருக்கும் இரும்பு உருளைக்குள் தள்ளி, கதவைத் திருகி மூடுவார். முதலில் மரத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு மருந்தை விட்டு அழுத்தம் கொடுத்தால் மரத்தின் நடுவில் கெட்டிப்பட்ட வைரத்துக்குள் போகாவிட்டாலும் சுற்றியுள்ள பாகமெல்லாம் ஊறிவிடும். வெளியே வரும்போது மரம் பச்சை பாரித்து, சொட்டச் சொட்ட நிற்கும். "கரையான் வாய வச்சா அதோட கதை முடிஞ்சுது. நாப்பது வருஷத்துக்கு நான் பொறுப்பு" என்று வாங்க வருகிறவர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

மகள் பிறந்த வருடம்தான் வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். "விறகுக்கு அலையற பாடு விட்டுச்சு" என்று மனைவிக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். அன்றிலிருந்து அந்த அடுப்பை அவள்தான் குனிந்து ஊதினாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் புதிதாக வந்த மேலாளர் உருளைக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டினார். மருந்து ஏற்றிய துண்டுகளை எரிக்கக் கூடாது, புகை நஞ்சு என்று எழுதியிருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் இருமிக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டதும் சொல்லலாம் என்று நினைத்தார். சாப்பிட்டதும், காலையில் சொல்லலாம் என்று நினைத்தார். ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னால் இருபது வருடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு, துண்டு கொண்டுவருவதை மட்டும் நிறுத்தினார். கொல்லையில் வருடக்கணக்குக்குக் காணும்படி கூரை முட்ட அடுக்கியிருந்ததை அப்புறப்படுத்தவில்லை.

"ஏங்க, இப்பல்லாம் துண்டே கொண்டு வர்றதில்லையே?"

"குடுக்கறதில்ல."

அதைக் கேட்டு அவள் விறகைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு கட்டையாகச் செருகி, தீயை அடக்கி, புகையவிட்டு.

போன வருடம் ஆஸ்பத்திரியில் அவளுடைய நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், "வீட்ல யாராவது புகை பிடிப்பீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார் அவர். அது உண்மைதான்.

மகள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"மருந்து ஏத்தின மரம்மா. புகை... ஆகாது."

மகள் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தாள். "அம்மாவுக்கு இது தெரியுமா?"

அவர் கட்டிலைப் பார்த்தார். மனைவியின் கண்கள் திறந்திருந்தன. உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தார்.

"திட்டாதீங்க... புள்ள நேத்துதான வந்துச்சு."

அவர் போட்ட சத்தம் மட்டும்தான் அவளுக்குக் கேட்டதா, எல்லாமே கேட்டதா? முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மகள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு வெந்நீர் வாங்கப் போனாள்.

"இந்தா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"அசதியா இருக்குங்க. அப்புறம் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் அவருக்கு இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து, போர்வையின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மூன்று மணி வாக்கில், மகள் ஈரத்துணியால் அம்மாவின் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் மரக்கடை ஆட்கள் வந்தார்கள். கூட வேலை செய்யும், மரம் அறுக்கும் வாள்காரர் அவர் தோளைத் தொட்டு, "அடக்கம் பண்ற பெட்டிக்கு நம்ம மரத்துலயே பலகை அறுத்து வச்சிருக்கேன் டாக்டரே. ஒரு புழு அண்டாது" என்றார்.

"வேணாம். மருந்து போடாதது குடு."

"அது ஆறு மாசம்கூட தாங்காதேய்யா."

"தாங்க வேணாம்."

வாள்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் போய், வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். மகள் கொல்லை வாசலில் நின்று விறகு அடுக்கைப் பார்த்தாள்.

"இதை என்ன பண்றது?"

"எரிக்கக் கூடாது."

"குழி தோண்டிப் புதைச்சா?"

"மக்காது."

"எத்தன வருஷமா தெரியும்ப்பா?"

அவர் வாயைத் திறந்தார். நாலு விரலைக் காட்டினார், பிறகு கையை மடக்கிக்கொண்டார்.

மகள் அழவில்லை. அடுக்களைக்குப் போய் அம்மாவின் சோற்றுப் பானையை எடுத்துவந்து குழாயடியில் குந்தினாள். மண்ணை அள்ளி அதன் அடிப்புறத்தைத் தேய்த்தாள். கரி விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேய்த்தாள், மூடிவிட்டுத் தேய்த்தாள். கறுப்புத் தண்ணீர் கொல்லைத் தரையில் பரவி வந்தது.

"தள்ளி நில்லுங்கப்பா" என்றாள், நிமிராமல். "கால்ல படுது."

அவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார்.